சோப்புக் கம்பெனிக்குப் போன பெயர்கள்

எங்கள் கடைக்கு ரேடியோ வந்த காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது பயம். வியாழக்கிழமை சாயங்காலமானால் அது வந்து பிடித்துக்கொள்ளும். இன்ன காரணம் என்று வெளியே சொல்ல முடியாது. கடைக்கு முன்னால் ஜனம் தலையாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். நான் உள்கதவைப் பிடித்தபடி, பாட்டுக்கு முன்னால் சொல்லும் பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஐம்பதுகளின் ஆரம்பம் அது. என் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை. துறைமுகத்துக் கேட்டிலிருந்து நடந்து வந்துவிடும் தூரம்தான். தெருவில் பாதிப் பேர் துறைமுகத்தில் வேலை, மீதிப் பேர் ரயில்வே, கடைசிச் சந்தில் கடலுக்குப் போகிறவர்கள். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். கலியாணமாகி வந்த புதிதில் அவர்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரியும். நான் பேசுவது அவர்களுக்குச் சுத்தமாகப் புரியாது.

அப்போது மெட்ராஸ் நிலையத்தில் சினிமாப் பாட்டு கிடையாது என்றே சொல்லிவிடலாம். டெல்லியில் மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லையாம். கச்சேரி போடுவார்கள், செய்தி சொல்லுவார்கள், பயிருக்கு உரம் எப்போது வைக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்குவார்கள். எங்கள் தெருவில் யாருக்கு வயல் இருந்தது, கடலிலா உரம் வைக்க முடியும்? ரேடியோ வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் முள்ளைத் திருகிச் சிலோன் ரேடியோவைப் பிடித்தார்கள். அங்கே கேட்டுச் சலிக்கிற அளவுக்குச் சினிமாப் பாட்டு.

அதைத் தர்மத்துக்கா போட்டார்கள்? பல்பொடிக்காரனும் தைலக்காரனும் சோப்புக்காரனும் பணம் கட்டி அங்கே நேரம் வாங்கியிருந்தார்கள். எல்லாம் நம் ஊர்க் கம்பெனிகள். உள்ளூர் ரேடியோவில் வியாபாரம் பேசக்கூடாது என்றதும், கடலைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு நம் காதிலேயே பேசினார்கள். நடுவில் பாட்டு. ஜனங்கள் பாட்டுக்காக ரேடியோ வாங்கினார்கள், கம்பெனிக்காரன் சோப்புக்காகப் பாட்டை வாங்கினான். கெட்டிக்காரர்கள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு சோப்புக்கு ஏஜென்சி எங்களிடம் இருந்தது. அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவர், எப்போதும் கையில் குடையோடு வருவார், ஒருநாள் கைவண்டியில் ரேடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். இரவல்தான், சொந்தமில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் கம்பெனி நிகழ்ச்சி நடக்கிற நேரத்தில் தெருவுக்குக் கேட்கும்படி வைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஏரியலுக்காக ஓட்டுக்கு மேலே கம்பி வலையை இழுத்துக் கட்டினார்கள். பெட்டியில் ஒரு பச்சைக் கண் இருந்தது. நிலையம் சரியாகக் கிடைத்தால் அது சுருங்கி ஒன்றுகூடும். அதைப் பார்ப்பதற்கென்றே குழந்தைகள் வந்து நின்றன.

நிகழ்ச்சி இப்படி. சோப்பின் மேல்காகிதத்தை ஒரு கடிதத்தோடு வைத்து, நம் பெயர், தெரு, விரும்பும் பாட்டு எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். கடிதங்கள் பம்பாயில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போகும். அவர்கள் பொறுக்கிக் கொடுக்கிற பெயர்களைச் சிலோனில் ஒரு பெண் தேன் போன்ற குரலில் படிப்பாள். பிறகு பாட்டு. பெயர் வந்தவர்கள் வீட்டுக்குச் சோப்புப் பார்சலும் வரும். தன் பெயர் கடலுக்கு அப்பாலிருந்து திரும்பி வருவதைக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. டோல்கேட் பக்கம் ஒரு கிளார்க்கின் பெயர் வந்தபோது அவர் ஒரு வாரம் தெருவில் மாப்பிள்ளை மாதிரி நடந்தாராம்.

ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து கடிதமே போகவில்லை. குடைக்காரர் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினார். வடக்கு மெட்ராசில் சோப்பு விற்கிறது, கடிதம் ஏன் வரவில்லை என்று பம்பாயில் கேட்கிறார்களாம். வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரி ஏஜென்சிக்குக் காத்துக்கொண்டிருக்கிறாராம். இதைச் சொல்லிவிட்டு எங்கள் கடை மோரைக் குடித்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கடிதம் எப்படி வரும்? எங்கள் தெருவில் முழுக் கட்டி வாங்குகிறவர்கள் குறைவு. இவர் கட்டியைக் கம்பியால் இரண்டாக அறுத்துத்தான் கொடுப்பார். பாதிக் கட்டிக்கு மேல்காகிதம் கிடையாது. அது கல்லாப்பெட்டி அடியில் குவிந்து கிடக்கும். சில நாள் கழித்து, சாப்பிட உட்கார்ந்தபோது இவர் முகம் தெளிந்திருந்தது. என்னவென்று கேட்டேன். பாதிக் கட்டி வாங்குகிற வீட்டுப் பெண்கள் பெயரையெல்லாம் போட்டுத் தானே கடிதங்கள் எழுதி, காகிதத்தையும் வைத்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பார்சல் வருவதால் பொய்ப் பெயர் போட முடியாதாம். படிக்கத் தெரியாத, ரேடியோ இல்லாத வீடுகளாகப் பார்த்துத்தான் எழுதினாராம், கேள்வி வராதாம்.

"அந்தக் காகிதம் யாருது? அவங்க வாங்குன கட்டியோடதுதானே. நான் எடுத்து வச்சுக்கிட்டா அது திருட்டு. அவங்க பேருலயே போகட்டும்னு அனுப்பிட்டேன்" என்றார்.

அவர் மனதார அப்படி நம்பினார். தராசில் ஒரு மிளகு கூடினாலும் திருப்பி எடுக்காத மனிதர். அதே தராசில் வைத்துத்தான் இதையும் நிறுத்திருக்கிறார். பெருமையாக ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு பெயர் வந்தது. என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள். என்னைவிடச் சின்னவள். அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேலையில் நல்ல பெயர், குடிப்பதில்லை, கடன் சொல்லிச் சாமான் வாங்குவதில்லை. அடிப்பார். கதவைச் சாத்திவிட்டு, குரலை உயர்த்தாமல் அடிப்பார். சினிமா நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனவன் ஏதோ சொன்னதற்கு அவள் சிரித்தாள் என்று ஒருமுறை மணிக்கட்டு வீங்கிப்போனது. ஆட்டுக்கல்லில் வழுக்கிவிட்டது என்று குழாயடியில் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அந்த மனிதர் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. தெருமுனை டீக்கடையில் நின்று ஒரு டீ குடிப்பார். டீக்கடையிலும் ரேடியோ இருந்தது. வியாழக்கிழமை அங்கே நிற்க இடம் கிடைக்காது.

இதையெல்லாம் நான் சொன்னதும் இவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். பயம் அவருக்கும்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். மூட்டை மூட்டையாகக் கடிதம் வருமாம், அதில் இவள் பெயரைத்தானா எடுப்பார்கள், பேசாமல் இரு என்றார். திருப்பி வாங்க வழி உண்டா என்று கேட்டேன். தபாலில் போட்டதைத் திருப்பி வாங்க முடியுமா, கிறுக்கு மாதிரிப் பேசாதே என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று பாத்திரம் தேய்த்ததில் ஒரு சட்டி உடைந்தது.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, திருவொற்றியூரிலிருந்து வந்து எங்களிடம் பாதிக் கட்டி வாங்கிப்போகும் ஒரு விதவையின் பெயர் வந்துவிட்டது. கடை முன்னால் ஆரவாரம். தன்னைப் பம்பாய்க்கு எப்படித் தெரிந்தது என்று அந்த அம்மாளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கர்த்தர் கிருபை என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் முதல் பாதிக் கட்டி வாங்கினவர்கள் முழுக் கட்டி கேட்டார்கள். இவருக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. எனக்கோ, இது நடக்காத காரியம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆறுதலும் போயிற்று.

குடைக்காரர் சந்தோஷமாக வந்தார். சாடையாக விசாரித்தேன், எந்த மாதிரிக் கடிதத்தைப் பொறுக்குகிறார்கள் என்று. அவர் ஒளிக்காமல் சொன்னார். மயிலாப்பூர்க்காரி சோப்புப் போடுவது செய்தியா, துறைமுகத்துக் கூலிக்காரன் சம்சாரம், மீன்காரி, இவர்கள்கூட எங்கள் சோப்புதான் போடுகிறார்கள் என்றால்தானே வியாபாரம் என்றார். அந்த மாதிரி முகவரியைத் தனியாக எடுத்து வைக்கிறார்களாம். இந்த மாதத்துக்கான பெயர்களைக்கூட ஏற்கனவே ஒலிப்பதிவு செய்து சிலோனுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். நான் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வரப்போகிற பெயர் இப்போதே எங்கோ ஒரு தட்டில் பதிந்து கிடக்கிறது. இனி யார் என்ன செய்தாலும் அது வந்தே தீரும்.

அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். குழாயடியில் கூட்டம் கலைந்த நேரம் பார்த்து முழுக்கதையையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எய்தத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும்க்கா. எந்த ஆம்பள எய்திக் குட்த்தான்னுதான் கேப்பாரு. டீக்கடையில நாலு பேரு முன்னாடி பேரு வந்துச்சின்னா, அத்தோட நான் காலி" என்றாள்.

நானே எழுதினதாகச் சொல்கிறேன் என்றேன். அதற்கும் அவள் தலையை ஆட்டினாள். யார் எழுதினால் என்ன, அத்தனை ஆம்பளைகள் காதிலும் பெண்டாட்டி பெயர் விழுந்ததை அவர் தாங்கமாட்டார் என்றாள். அவர் வாயால்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம், ஏய் என்பதுதானாம். டீக்கடை ரேடியோ கெட்டுப்போக வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன் என்றாள். நாங்கள் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நானும் வேண்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளை எப்படிக் கழித்தேன் என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. பச்சைக் கண் சுருங்கும்போதே உள்கதவுக்கு வந்து நின்றுவிடுவேன். சில நாள் காற்றில் நிலையம் விலகி, படிக்கிற பெயர்கள் கரகரப்பில் முழுகிப்போகும். ஜனம் இவரைத் திட்டும். நான் கடவுளுக்கு நன்றி சொல்லுவேன். பின்சுவருக்கு அப்பால் அவளும் நின்று கேட்கிறாள் என்று தெரியும். நிகழ்ச்சி முடிந்ததும் அங்கே குடத்தை வைக்கிற சத்தம் கேட்கும், அன்றைக்குத் தப்பித்தோம் என்று அர்த்தம். இவரைப் பார்த்தால் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நீங்களே போய் அந்த மனிதரிடம் நான்தான் எழுதினேன் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள் என்று மன்றாடினேன். விஷயம் வெளியே வந்தால் ஏஜென்சி போய்விடும், கடையும் போய்விடும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார். அதுவும் பொய்யில்லை. அவர் பயம் அவருக்கு.

ஒரு வியாழக்கிழமை பெயர் வந்தது.

அன்று காற்றில்லை. குரல் தெள்ளத் தெளிவாக இருந்தது. சிலோன்காரி ராயபுரம் என்றாள், எங்கள் தெருவின் பெயரைச் சொன்னாள், பிறகு பின்வீட்டுக்காரியின் பெயர். கடை முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவன் சீட்டி அடித்தான். ஓடிப்போய் ரேடியோவை நிறுத்தலாம் என்று ஒரு அடி வைத்தேன். தெருமுனை டீக்கடையிலும் அதே பாட்டு ஆரம்பமாகிவிட்டது. நிறுத்தி என்ன பிரயோஜனம்.

பின்வழியாக ஓடினேன். வீட்டில் அவள் இல்லை. வீட்டுக்குள் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று அன்று குழாயடிக்குப் போயிருந்தாள். அங்கே ரேடியோ கேட்காது. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குள் இழுத்துவந்து உள்கதவுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

அவள் புருஷன் வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். வேலைச் சட்டையில் கிரீஸ் இருந்தது. கூட்டம் தானாக ஒதுங்கி வழிவிட்டது. குடைக்காரரும் அன்று வந்திருந்தார், நிகழ்ச்சிக்கு எவ்வளவு கூட்டம் சேர்கிறது என்று பார்க்க. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ஒரே ஒரு வார்த்த. என் வூட்டுப் பேர்ல ஆரு எய்தினது?" என்றார்.

என் வீட்டுக்காரர் குடைக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"உங்க வீட்டம்மாதான் வந்து கேட்டாங்க. நான் எழுதிக் குடுத்தேன். இதுல என்ன இருக்கு" என்றார்.

கதவுக்குப் பின்னால் அவள் என் சேலையைக் கொத்தாகப் பிடித்தாள். அதுவரைக்கும் எனக்கு இருந்ததெல்லாம் பயம். அந்த ஒரு நிமிஷம் மட்டும் பயம் எங்கேயோ போய்விட்டது. அதுவரை கடையில் ஆண்கள் இருக்கும்போது நான் வெளியே வந்து பேசினதில்லை. வந்தேன்.

"அவ கேக்கல. இவரா எழுதினது. அவளுக்கு ஒன்னும் தெரியாது. இந்தத் தெருவுல பாதிக் கட்டி வாங்குன அத்தனை வீட்டுப் பேரும் இவருதான் எழுதி அனுப்பிருக்காரு. ஒருத்தர்கிட்டயும் கேக்கல" என்றேன்.

குடைக்காரர் குடையை எடுத்துக்கொண்டு, இவரிடம் ஒன்றும் சொல்லாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். கிரேன்காரர் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவரை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தடுக்கக்கூடாது என்றும் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. உள்கதவைப் பார்த்து, "ஏய், வா வூட்டுக்கு" என்றார்.

அவள் என் சேலையை விட்டுவிட்டு வெளியே வந்தாள். அவருக்குப் பின்னால் நடந்து போனாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவளை எங்கே வைத்துக்கொண்டிருப்பேன்? என் வீட்டிலா, நான் அப்போதுதான் தெரு நடுவில் மானத்தை வாங்கின புருஷன் வீட்டிலா?

ஏஜென்சி வண்ணாரப்பேட்டைக்குப் போனது. ரேடியோவை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஓட்டுக்கு மேலே கட்டிய கம்பி வலையைக்கூட விடவில்லை. கடை நொண்டி நொண்டி நடந்தது. இவர் என்னோடு பேச வெகுநாள் ஆயிற்று. சோப்புக் கம்பெனி நிகழ்ச்சி மட்டும் நிற்கவில்லை, வியாழக்கிழமைதோறும் டீக்கடையில் யார் யாருடைய பெயரோ வந்துகொண்டிருந்தது. அதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம், அவர்கள் போன கையோடு, நான் ரேடியோவை அணைத்தேன். இரண்டு பாட்டு பாக்கி இருக்கிறதே என்று கூட்டம் முணுமுணுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குக் கேட்க வேண்டும். விளக்கு வைத்துவிட்டுப் பின்சுவரில் காதை வைத்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. பாத்திரச் சத்தம்கூட இல்லை. அடி விழுகிற சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன், அதற்குப் பழகியும் இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த அமைதி எனக்குப் பழக்கமில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொன்றுவிட்டாரோ என்றுதான் நினைத்தேன்.

விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் குழாயடியில் இருந்தாள். தலையில் முக்காடு, இடது கையில் துணிக்கட்டு. உயிரோடு இருக்கிறாள் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உன் வூட்டுக்காரரு எய்தினதுன்னு தெரிஞ்சதுனால கையோட போச்சுக்கா. இல்லாங்காட்டி வேற மாரி ஆகியிருக்கும்" என்றாள்.

அவள் குடத்தை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தேன். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் நெருங்கி வந்தாள்.

"எல்லாரும் கேட்டாங்க, நான்தான் கேக்கல. எப்டி சொன்னாங்க?"

புரியாமல் பார்த்தேன்.

"என் பேர, ரேடியோல. எப்டி சொன்னாங்க?"

சிலோன்காரியின் குரல் எனக்கு வராது. இருந்தாலும் வந்த மட்டும் சொன்னேன். ராயபுரத்திலிருந்து விரும்பிக் கேட்பவர் என்று ஆரம்பித்து, தெருவைச் சொல்லி, திருமதி என்று சொல்லி, அவள் பெயரைச் சொல்லி, அவர்கள் என்று முடித்தேன்.

"அவர்கள்னா சொன்னாங்க?"

"அப்படித்தான் சொன்னாங்க."

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. குழாய்த் திண்டில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"இன்னொரு தபா சொல்லுக்கா" என்றாள்.

அவள் வீட்டு வாசலில் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, முன்னைவிட மெல்ல, சொன்னேன்.